பத்துப் படங்களுக்குத்தான் அனுமதி

இயக்குநர் திருவரங்கன் எடிட்டிங் அறைக்குள் கோபமாக வந்தார். சகாயமேரி வேலையை நிறுத்தினார். அரங்கன் படத்தொகுப்பு கற்றது அவரிடம்தான்.

“என் படம் தோல்வியாம் மேடம். எல்லாப் பேப்பர்லயும் போட்டிருக்கான்.”

“இங்க அம்பது நாள் ஓடுச்சே?”

“இங்க மட்டும் ஓடினா போதாது. போட்ட செலவு அப்படி. வெளிநாட்டு வசூலும் சேர்ந்தாத்தான் வெற்றின்னு ஒத்துக்குவாங்க.”

அவர் நம்பியிருந்த நாடு, வெளியார் படங்களை வருடத்துக்குப் பத்துதான் உள்ளே விடும். அந்தப் பத்தில் இவர் படமும் இருந்தது. அங்கே கட்டடம் சரிந்து இறந்துபோன நம் ஊர்த் தொழிலாளியின் மனைவி, கம்பெனி வாசலில் நின்று உடலைக் கேட்கும் காட்சியை அந்நாட்டுத் தணிக்கைக்காரர்கள் வெட்டச் சொன்னார்கள். அரங்கன் மறுத்தார். அவருடைய இடம் ஒரு கார் பந்தயப் படத்துக்குப் போனது.

“அங்க ஒருத்தர்கூடப் படத்தைப் பார்க்கலை. பார்க்கவே விடலை. ஆனா ஜனங்களுக்குப் பிடிக்கலைன்னு எழுதறான். இது என்ன நியாயம்?”

“நியாயமே இல்லை. நீ வெட்டாதது சரி. என்கிட்ட கொண்டு வந்திருந்தாலும் நான் கை வச்சிருக்க மாட்டேன்.”

அரங்கன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்த அம்மா நிஜம் மேடம். உடல் வர மூணு மாசம் அலைஞ்சாங்க. பக்கத்துல உட்கார்ந்து கேட்டு எழுதினேன். முகம் தெரியாத நாலு பேர், அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்கறாங்க.”

பிறகு பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். அடுத்த படத்தின் திரைக்கதை.

சகாயமேரி அங்கேயே உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். அதற்குள் அரங்கன் இரண்டு டீ குடித்துவிட்டார்.

“இது எந்த ஊர்ல நடக்குது?”

“ஊர் பேர் வைக்கலை மேடம்.”

“உன் ஹீரோ என்ன வேலை பார்க்கறான்?”

“சொல்லலை. சொன்னா அதுல ஏதாவது கிளப்புவாங்க.”

“யார்கிட்டயும் ஒரு கேள்வி கேட்க மாட்டேங்கறானே.”

“வேணும்னுதான். இந்தத் தடவை அவங்களால ஒரு ஃப்ரேம்கூட வெட்ட முடியாது.”

சகாயமேரி காகிதக் கட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“முடியாதுதான். அப்ப இதையெல்லாம் வெட்டினது யாரு?”