தேயாத பட்டி

கனடாவின் வடக்கே கனகசிங்கத்தாரின் கராஜில் வேலை செய்த உதயசீலனுக்கு ஒரேயொரு நாள் லீவு வேண்டியிருந்தது. ஆறு வருஷமாகப் பார்க்காத மனைவி மறுநாள் ரொறன்ரோவில் வந்து இறங்குகிறாள்.

முதலாளியோ பனியில் ஓட்டும் தன் பழைய ஸ்னோமொபைலைக் காட்டினார். எண்பதாம் ஆண்டு உறைந்த ஏரியில் பந்தயம் வென்ற வண்டி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கழற்றிப் போட்டிருந்த, அதன் அடியில் சுழலும் ரப்பர்ப் பட்டியில் எந்தப் பக்கம் முன்னுக்கு என்று அடையாளமே இல்லை.

"சரியான பக்கமாப் பூட்டினா லீவு. பிழைச்சா இல்லை," என்றார், கூட்டாளிகள் கேட்க.

உதயசீலன் பட்டியின் துளைகளை விரலால் தடவிப் பார்த்தான்.

"எப்பிடிப் பூட்டினாலும் சரி, ஐயா."

"என்ன, விளையாடுறியோ?"

"ஓடின வண்டியெண்டா, பற்சில்லு துளையில மாட்டி இழுக்கிற பக்கம் தேய்ஞ்சிருக்கும். அதைப் பாத்துத்தான் பூட்டுறது. இதில ஒரு பக்கமும் தேயேல்லை. பந்தயத்தில வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினீங்களோ தெரியாது."

கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கனகசிங்கத்தாரின் முகத்தில் ஈயாடவில்லை. பட்டியின் துளைகளைத் தானும் ஒருதரம் தடவினார்.

"என்ர மனுசி ஊரிலயிருந்து வந்தா ஏத்திக்கொண்டு ஓடலாமெண்டு வாங்கினது," என்றார். "எனக்கு ரெண்டு வேலை. ஒருநாள் லீவு எடுக்கேல்லை. அவள் வந்து, இருந்து, செத்தும் போயிட்டாள்."

தன் காரின் சாவியை எடுத்து நீட்டினார்.

"இப்பவே வெளிக்கிடு, தம்பி. பட்டியை உன்ர மனுசி வந்தாப்பிறகு பூட்டுவம். ஏறுறதுக்கு ஆள் வேணுமே."