அசல் வார்

ஓர் ஊரில் சாமியப்பன் என்று ஒருவர் இருந்தார். சேணம் சேர்ப்பார். நம் ஊர்ச் சேணம் இல்லை. அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் ஏறுகிற சேணம். முன்னால் கொம்பு மாதிரி ஒரு பிடி, உடம்பெல்லாம் வெள்ளிப் பூ. எண்பது வருஷத்துப் பழசாக இருந்தால்தான் வாங்குவார். ஏன் என்று கேட்டால் கோபம் வரும்.

வாரம் தவறாமல் வெள்ளியைத் தேய்த்து மினுக்குவார். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டுகிற தோல் வாரை மட்டும் தொட்டதே இல்லை. அது அடியில் கிடக்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த வருஷம் குதிரைச் சந்தை ஊர்வலத்தில் மகள் சுகந்தியை ஏற்றிவிட ஆசைப்பட்டார். இருப்பதிலேயே பெரிய சேணம் வாசலுக்கு வந்தது.

வார் மேலே இருந்த வெள்ளிப் பூவைக் கூப்பிட்டது.

"வெள்ளியண்ணே, நான் உள்ளே நார் நாராப் பிரிஞ்சு கிடக்கேன். குதிரை ஓட்டம் எடுத்தா அறுந்துருவேன். அந்தப் பிள்ளை தலைகீழா விழும்."

"மெல்லப் பேசு," என்றது வெள்ளி. "வெளியே தெரிஞ்சா உன்னைக் குப்பையில போடுவார். உன்னால என் மதிப்பும் போகும்."

"பிள்ளை செத்துப்போனா?"

"குதிரையைத்தான் திட்டுவாங்க. நமக்கென்ன?"

பக்கத்தில் நின்ற செவலைக் குதிரை காதைத் திருப்பியது. கேட்டுவிட்டது.

லாயக்காரர் காதர் வாரை விரலால் வளைத்துப் பார்த்தார். தூள் உதிர்ந்தது.

"ஐயா, இது காஞ்சுபோச்சுங்க. புதுசு ஒண்ணு வாங்கி மாத்திரலாமுங்க."

"மாத்தினா அசல் போயிரும். நீ குதிரைக்குக் கொள்ளு வை, போதும். அசலைப் பத்தி எனக்குச் சொல்லாதே."

"சரிங்க," என்றார் காதர். அதற்கு மேல் பேசினால் வேலை போகும். அவருக்கும் பயம்தான்.

சேணம் முதுகில் ஏறியது. குதிரை வாரிடம் முணுமுணுத்தது.

"இறுக்கும்போது நான் வயித்தை உப்புவேன். நீ விட்டுரு."

"விடவா? பிடிக்கிறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"இப்பத் தெரிஞ்சுக்கோ."

"அப்புறம் என் கதி?"

"உனக்குக் குப்பை. எனக்கு அடி. பிள்ளை நடந்து வீட்டுக்குள்ள போகும்."

காதர் இழுத்து இறுக்கினார். குதிரை வயிற்றை உப்பியது. வாரால் முடியவில்லை. பயத்தில் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. குதிரைகளின் இந்த வித்தை காதருக்குப் பழக்கம். முழங்காலால் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். குதிரை அடக்கிய மூச்சு வெளியே போய்விட்டது. வார் ஒரு துளை கூடுதலாக இறுகியது.

"நல்ல வார்," என்றது வெள்ளி.

சுகந்தி அங்கவடியில் இடது காலை வைத்தாள். "அப்பா, இந்தக் கொம்பைப் பிடிச்சா எருமை மேல ஏறுற மாதிரி இருக்கு."

"பேசாம ஏறு."

அவள் சிரித்துக்கொண்டே வலது காலைத் தரையிலிருந்து எடுக்கப் போனாள்.

குதிரை மறுபடி மூச்சை இழுத்தது. விலா எலும்பு வலிக்கிற அளவுக்கு இழுத்தது. "இப்ப விடலைன்னா எப்பவும் இல்லை," என்றது.

வார் கடைசியாக ஒரு தடவை இறுக்கிப் பிடித்தது. பிறகு பிடியை விட்டு அறுந்தது.

சேணம் சரிந்து தரையில் மோதியது. சுகந்தி புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். கை மட்டும் கொஞ்சம் சிராய்த்திருந்தது.

சாமியப்பன் ஓடி வந்தார். மகளைத் தாண்டிப் போய்ச் சேணத்தைத் தூக்கினார். வெள்ளியைத் தடவிப் பார்த்தார். அறுந்த வாரைக் கையில் எடுத்தார்.

"எண்பது வருஷ அசல். போச்சு."

வாரைச் சாணிக் குவியலில் எறிந்தார். குதிரைக்குச் சவுக்கால் இரண்டு விழுந்தது.

காதர் சுகந்தியைத் தூக்கி நிறுத்தினார். "பாப்பா தப்பிச்சிருச்சுங்க ஐயா. இன்னும் ரெண்டடி போயிருந்தா..."

சாமியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஊர்வலம் கிளம்பிரும். உள்ளே போய் அடுத்த சேணத்தை எடுத்துட்டு வா."

கூடத்துச் சேணங்களில் வரிசையாகத் தொங்கிய காய்ந்த வார்கள் எல்லாம் அதைக் கேட்டன.