சுடலைமுத்துவின் மூன்று சர்வர்கள்

தூத்துக்குடியில் அந்த அலுவலகத்தில் காலை பத்தரைக்கு ஒரே கூச்சல். போட்டவர் ஒரே ஆள்தான், சுடலைமுத்து. நாற்பத்தெட்டு வயசில் டேட்டாபேஸ் வேலை கற்றுக்கொள்ள வந்த மனுஷன். அவருக்குக் குரு ஜெபராணி; வயசு முப்பத்தொண்ணு.

"மேடம், ஓடி வாங்க! இந்தக் கூத்தைப் பாருங்க!"

ஜெபராணி வந்தார்.

திரையில் ரத்த தானம் செய்கிறவர்களின் பட்டியல். பதினாலாயிரம் பேர். அவசரம் என்றால் ஆஸ்பத்திரிகள் இதில்தான் தேடும். பேர் இருந்தால் போன் போகும், இல்லாவிட்டால் போகாது. அந்தப் பட்டியலைத்தான் மூன்று ஊர்களில் மூன்று கிளவுட் சர்வர்களிலும் முழுசாக ஏற்றியிருந்தார் சுடலைமுத்து.

"முதல் சர்வரை அணைக்கேன், பாருங்க."

அணைத்தார். பட்டியல் சில நொடி திணறியது. அப்புறம் இரண்டாவது சர்வர் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

"நின்னுச்சா? நிக்கலையே! எது விழுந்தாலும் இன்னொண்ணு தாங்கிக்கிடும் மேடம்!"

"அருமை அண்ணாச்சி" என்றார் ஜெபராணி. மனசாரத்தான் சொன்னார்.

"அதான், தினமும் தனியா நகல் எடுத்து வைக்கிற பேக்கப்பை நேத்தோட நிறுத்திட்டேன். பழசையும் அழிச்சாச்சு. மூணு இருக்கையில அது எதுக்கு? இந்தக் காகிதத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா சோலி முடிஞ்சது."

ஜெபராணி காகிதத்தைப் பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை.

"முதல் சர்வரை எழுப்புங்க."

எழுப்பினார்.

"இப்ப பட்டியல்ல ஒண்ணாம் நம்பரை அழிங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அழித்தார்.

"முதல் சர்வர்ல இருக்கா?"

"இல்லை மேடம்."

"ரெண்டாவதுல?"

"இல்லை. மூணாவதுலயும் போயிருச்சு! ஒரு செகண்டுகூட ஆகலை. என்னா வேகம்!" நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"சரி. அதைத் திருப்பிக் கொண்டாங்க."

சுடலைமுத்து கீபோர்டில் கை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். முதல் சர்வரைத் திறந்தார், இரண்டாவதைத் திறந்தார், மூன்றாவதையும் திறந்தார். மூன்றும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. மூன்றிலும் பட்டியல் இரண்டாம் நம்பரில்தான் ஆரம்பித்தது.

"பேராவது ஞாபகம் இருக்கா?"

"பாக்கலையே மேடம்."

"என்ன ரத்தம்?"

"ஐயோ, அதையும் பாக்கலை. எவனோ ஒரு நோயாளி இந்த ஆளுக்காகக் காத்துக் கிடந்தா? என்ன காரியம் பண்ணிட்டேன்!"

கண் கலங்கி நின்றார். ஜெபராணி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணாம் நம்பர் நான்தான் அண்ணாச்சி. ஓ நெகட்டிவ். இந்தா உங்க முன்னாடி இருக்கேன், கேட்டு எழுதிக்கிடுங்க. நாளைக்குக் கைதவறி எண்ணூறாம் நம்பர் போச்சுன்னா, யார்கிட்ட போய்க் கேப்பீங்க?"