பெருங்காய அண்டாவும் தள்ளுபடி ஓலையும்

முன்னொரு காலத்துல செங்கழுநீர் நாட்டை உத்தமராயன்னு ஒரு ராசா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனா ‘சும்மா கிடைக்குது’ன்னு யாராவது சொல்லிட்டா போதும், கிரீடத்தைக் கூட மாட்டிக்காம எழுந்து ஓடுவார்!

அந்த ஊர்க் கடைவீதியில பெரிய செட்டிமாரெல்லாம் சேர்ந்து ஒரு தந்திரம் பண்ணினாங்க. பனையோலை நறுக்குல முத்திரை குத்தி வீதியெல்லாம் இறைச்சாங்க. அதைக் கொண்டு போனா விலையில கால்வாசி குறைப்பு. அதுக்குப் பேரு தள்ளுபடி ஓலை.

அரண்மனைப் பண்டகசாலை அதிகாரி தாண்டவராயருக்கு இந்த ஓலைப் பைத்தியம் தலைக்கேறிடுச்சு. பல்லக்குல ஏறுவார், எட்டுப் பேர் தூக்கணும், ஊரெல்லாம் சுத்தி ஓலை பொறுக்குவார், அதுக்கு என்ன கிடைச்சாலும் வாங்கிப் பண்டகசாலையில அடுக்குவார். சாயங்காலம் சபையில வந்து நெஞ்சை நிமிர்த்தி, “மகாராஜா! இன்னைக்கு நூறு பொன் மிச்சம்!” என்பார். ராசா உடனே ஒரு சால்வை போர்த்துவார். போர்த்திப் போர்த்தி அந்த மனுஷனுக்கு வெயில் காலத்துலயும் வேர்க்குரு!

அவருக்கு ஒரே ஆள்தான் கண்ணுல உறுத்தல். மடைப்பள்ளித் தலைவி வெள்ளையம்மா. அன்னாடம் சமையலுக்கு வேணுங்கறதை அவளே பின்தெருச் சின்னக் கடையில வாங்குவா. மந்திரி மங்கலநாதர் அவளைப் புகழ்ந்து பேசறது வேற தாண்டவராயருக்கு வயித்தெரிச்சல்.

“மகாராஜா, இந்தம்மா ஓலையே இல்லாம முழு விலை குடுக்குறா. அரண்மனைக்கு நஷ்டம்” என்று போட்டுக் குடுத்தார்.

“அப்படியா! நாளையோட அவளை வீட்டுக்கு அனுப்பு!” என்றார் ராசா.

வெள்ளையம்மா மந்திரி வாசல்ல வந்து அழுதா. “ஐயா, எனக்குப் புருஷன் இல்லை. இந்தக் கரண்டியாலதான் ரெண்டு பொண்ணுங்களை வளர்க்கிறேன். ஒரு பருப்பைக் கூட நான் வீணாக்கினதில்லையே!”

மந்திரிக்கு மனசு கேக்கலை. நேரா சபைக்குப் போனார்.

“மகாராஜா, அவளை அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஆசை. தாண்டவராயர் இதுவரைக்கும் பிடிச்ச மிச்சத்தை மட்டும் வச்சு நாளைக்கு நமக்கு ஒரு விருந்து போடட்டும். கஜானாவுல வேற காசைத் தொடக் கூடாது.”

“விருந்தா? மூணு பாயசத்தோட போடறேன்!” என்று துள்ளினார் தாண்டவராயர். “போடலைன்னா?” என்றார் மந்திரி. “மகாராஜா குடுக்கிற தண்டனை எதுவா இருந்தாலும் சரி!”

மறுநாள் விடிஞ்சதும் தாண்டவராயர் கஜானாவுக்குப் போய்க் கையை நீட்டினார். “நான் பிடிச்ச மிச்சப் பணத்தை எடும்.”

பொக்கிஷக்காரர் முழிச்சார். “என்ன பணம்? நீங்க தினமும் வாங்கிட்டுப் போனதுதான் உண்டு. திருப்பிக் கொண்டு வந்ததே கிடையாதே!”

தாண்டவராயர் வெறுங்கையோட திரும்பினார். மத்தியானம் ராசா பசியோட இலை முன்னால வந்து உட்கார்ந்தார். பாயசத்தைக் காணோம், சோத்தையும் காணோம். மந்திரி பண்டகசாலையைத் திறக்கச் சொல்லி, அங்க இருந்ததை எல்லாம் பரிமாறச் சொன்னார். வண்டு வச்ச துவரம்பருப்பு, சிக்கு நாத்தம் அடிக்கிற எண்ணெய், பூசணம் பூத்த புளி, கடைசியா ஒரு பெரிய உருண்டை பெருங்காயம். ராசா மூக்கைப் பொத்திக்கிட்டார்.

“ஐயய்யோ! என்னய்யா இது?”

“மிச்சம், மகாராஜா!” என்றார் மந்திரி பணிவா. “தினமும் காதால கேட்டீங்களே, அதேதான். இன்னும் மூணு அண்டாப் பெருங்காயம் உள்ளே இருக்கு. நம்ம பேரன் காலம் வரைக்கும் ரசம் வைக்கலாம்.”

“ஆனா கால்வாசி குறைச்சுத்தானே வாங்கினேன்!” என்று கத்தினார் தாண்டவராயர்.

“நாலு பொன் விலை சொன்ன மூட்டையை மூணுக்கு வாங்கினீர். அதே மூட்டை பின்தெருவுல ரெண்டரை. பல்லக்குக் கூலி வேற. அதுவும் போகட்டும், வேண்டாத பொருளை வாங்காம இருந்திருந்தா முழுக் காசும் கஜானாவுல இருந்திருக்குமே!” என்றார் மந்திரி.

ராசா ஓரமா நின்ன வெள்ளையம்மா பக்கம் திரும்பினார். “நீ ஏம்மா ஓலையைத் தொடறதே இல்லை?”

“தொடாம என்னங்க மகாராஜா?” என்று இடுப்பு முடிச்சை அவிழ்த்தா. உள்ளே ஒரே ஒரு ஓலை. “உப்பு தீர்ந்து போச்சு. பெரிய கடையில ஓலை போக இன்னைக்கு விலை சல்லிசு. இதுக்கு மட்டும் வச்சிருக்கேன்.”

ராசா சிரிச்ச சிரிப்புல இலையே பறந்துச்சு. இதுவரைக்கும் போர்த்தின சால்வையெல்லாம் தாண்டவராயர் தோள்ல இருந்து இறங்கி வெள்ளையம்மாவுக்குப் போச்சு. பண்டகசாலைச் சாவியும் அவ இடுப்புக்கே போச்சு. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு.

“தாண்டவராயரே, உமக்குத் தண்டனை இதுதான்” என்றார் ராசா. “ நீர் பிடிச்ச மிச்சத்தை நீரே சாப்பிட்டுத் தீர்க்கணும். மூணு அண்டாவும்!”

தாண்டவராயர் தடால்னு கால்ல விழுந்தார். “மகாராஜா, கருணை காட்டணும்! ஒரு அண்டாவாவது குறைச்சுக்கச் சொல்லி மனு போடறேன்!”

“மனுவா? உமக்குப் பிடிச்ச வார்த்தையிலேயே பதில் சொல்றேன்” என்றார் ராசா. “உம்ம மனு தள்ளுபடி!”