சொக்கி ஒளித்த கை

ஆற்றோரத்துப் பலாமரத்தில் அல்லி என்ற குரங்கு இருந்தது. அதற்கு ஒரே மகள், சொக்கி. மகள் கிளைக்குக் கிளை தாவும்போதெல்லாம் அல்லிக்கு உயிர் போய் உயிர் வரும்.

"விழுந்தேன்னு மட்டும் தெரிஞ்சது, அதோட தாவுறதை மறந்துடு. தரையிலதான் நடக்கணும்!" என்று தினமும் மிரட்டும்.

ஒருநாள் சொக்கி, அணில்குட்டியோடு பந்தயம் வைத்து நாவல்மரத்துக்குத் தாவியது. கிளை முறிந்தது. கையை ஊன்றி விழுந்தது. மளுக்கென்று ஒரு சத்தம்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே," என்று அணிலிடம் கெஞ்சிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மரமேறியது.

பலாச்சுளையை இடக்கையால் எடுத்தது. அல்லி பார்த்துவிட்டது.

"சோத்துக்கை எங்கேடி?"

"அது தூங்குதும்மா."

"அதுக்கு மட்டும் என்ன மத்தியானத் தூக்கம்?"

சொக்கி கைமேல் மூடியிருந்த இலையை அல்லி விலக்கினால், மணிக்கட்டு எலுமிச்சம்பழமாய் வீங்கியிருக்கிறது!

"படுக்கையில சுளுக்கிக்கிச்சு," என்றது சொக்கி.

சுளுக்கென்றால் அந்தக் காட்டுக்கே கரடியார்தான். எண்ணெய் தடவி ஒரே சுண்டாகச் சுண்டி இழுப்பார். அல்லி ஓடிப்போய் அழைத்து வந்தது. அவர் எண்ணெய் தடவினார். விரல்களைப் பிடித்தார். மூச்சை அடக்கினார். இதோ, இழுக்கப்போகிறார்!

"இழுக்காதீங்க மாமா! சுளுக்கில்ல, அவ விழுந்தா. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு!" அணில்குட்டி மேலிருந்து கத்தியது.

கரடியார் சட்டென்று கையை விட்டார். அவருக்கே வேர்த்துவிட்டது. "சுண்டியிருந்தா எலும்பு விலகியிருக்கும். அப்புறம் இந்தக் கை கிளையைப் பிடிக்காது."

கிளையைப் பிடிக்காத குரங்கைச் சிறுத்தை விட்டுவைக்குமா? அல்லி மகள் பக்கம் திரும்பியது.

"ஏண்டி மறைச்சே?"

"சொன்னா தாவ விடமாட்டேன்னியே."



கரடியார் மூங்கில் பத்தை வைத்து அசையாமல் கட்டினார். "என் பிள்ளைக்கு மட்டும் இப்படி ஆகணுமா?" என்று அல்லி விசும்பியது.

பக்கத்துக் கிளைக் குரங்கு சிரித்துவிட்டது. "உனக்கு மட்டுமா? என் பெரியவனுக்கு முழங்கை. சின்னவனுக்கு ரெண்டு தரம் கால். என் வால் பிறக்கும்போதே கோணல்னா நெனச்சே?"

"இந்த மழைக்காலத்துல இது ஒன்பதாவது கட்டு," என்றார் கரடியார். "வளர்ற குட்டிக்கு உடையறது சகஜம், கூடுறதும் சீக்கிரம். ஒளிச்சாத்தான் வம்பு."

அல்லி மகளை அணைத்துக்கொண்டது. "இனிமே விழுந்தா நேரா என்கிட்ட வா. திட்டெல்லாம் கட்டுப் போட்ட பிறகுதான்."

"அப்போ திட்டுவியா?"

"கொஞ்சம்."

விளையாடும் பிள்ளை விழத்தான் செய்யும். வலியைச் சொல்லவே அஞ்சும்படி அதை மிரட்டி வைப்பது எலும்பு முறிவதைவிடப் பெரிய கேடு.