ஒரு பகல் போர்

ஓடைக்குறிச்சியில் வீடுகள் இருந்தன. ஆள் என்று மாசாத்தர் ஒருவர்தான். பேச்சுத் துணையில்லாமல் வாடிக் கிடந்த அவரைத் தேடி ஒரு மாலை அரசன் வேட்டன் வந்தான். சிறு வயதில் அவரிடம் படித்தவன். கூட முரசறைபவனும் வந்திருந்தான்.

"ஐயா, பக்கத்து நாட்டான் நம் மாடுகளை ஓட்டிப் போய்விட்டான். நாளை போர். தாங்கள் ஆசி தர வேண்டும்."

"பெரிய போரா?"

"ஒரே பகல்தான். ஓடையைத் தாண்ட மாட்டோம். பயிரைத் தொட மாட்டோம். முரசறைந்து, ஊர் விலகிய பிறகே வில்லை எடுப்போம். எங்கள் குல வழக்கம் தங்களுக்குத் தெரியாததா?"

சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"சரி, இங்கேயே அறையச் சொல். இதுவும் எல்லை ஊர்தானே."

முரசு முழங்கியது. ஒரு கதவும் திறக்கவில்லை. கூரையிலிருந்து ஒரு மயில் எழுந்து பறந்தது.

"ஊரார் எங்கே?"

"உன் அப்பா முரசறைந்த அன்றைக்குப் போனவர்கள்தான்."

"அதுவும் ஒரு பகல் போர்தானே? அப்பா ஒரு குடிசையைக்கூட எரிக்கவில்லையே."

"எரிக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவர். பொழுது சாய்வதற்குள் போரும் முடிந்தது. குதிரில் விதைநெல் அப்படியே இருந்தது. எலிதான் தின்றது."

"பிறகு ஏன் யாரும் திரும்பவில்லை?"

"போர் வருகிறது என்று அறைந்தீர்கள். முடிந்தது என்று அறைந்தீர்களா?"

வேட்டன் முரசறைபவனைப் பார்த்தான். அவன் இல்லையென்று தலையாட்டினான். அப்படியொரு முரசை அவன் அப்பன்கூட அறைந்ததில்லை.

"தாங்கள் போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"பலமுறை கிளம்பினேன். நான் அந்தப் பக்கம் போன நேரத்தில் இந்தப் பக்கம் யாராவது வந்துவிட்டால்? ஓடைக்கு அப்பால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். போர் முடிந்துவிட்டது, வாருங்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அதற்காகத்தான் இருக்கிறேன்."

வேட்டன் மெல்ல, "ஆசி..." என்றான்.

மாசாத்தர் ஓடைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"நாளைக்கு அவர்கள் வந்தால் நான் என்ன சொல்ல, வேட்டா?"