விரல் வைத்த பக்கம்

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பெயர்களை வைத்துக்கொண்டு பதிவேடு என்று ஒருத்தி இருந்தாள். சிறுநீரகம் ஒன்று வந்தால் அவள் சொல்லும் முதல் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அவளிடம் பெயர் இல்லாதவரைக் கூப்பிட யாரும் இல்லை. இப்போது இருப்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். ஒரு பெயரை அழித்தால் அது இருந்த நினைவும் சேர்ந்தே போய்விடும். இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

மணிக்கொரு தடவை அவள் முன்னால் வந்து நிற்பது விசாரிப்பு என்பவரின் வேலை.

"புதுசா யாரு வந்திருக்கா? யாரு விவரம் மாறியிருக்கு?"

இரண்டே கேள்விகள். வந்த பதிலைக் குமாஸ்தா சகாயமேரியின் மேஜையில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஒன்பது வருஷத்தில் ஒரு மணி தவறியதில்லை என்று மார்தட்டிக்கொள்வார்.

ஒரு நாள் மதியம் அறைக்குள் புதியவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் தூதன். பல ஊர்க்காரர்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், காசு வாங்காமல் சேர்ந்து அவனைச் செய்திருந்தார்கள். அவன் நெஞ்சுக்குக் கதவு கிடையாது. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், பழுது தெரிந்தால் சரிசெய்யலாம். பதிவேட்டின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. அவளுக்குப் பின்னால் சுவரோரம் கிடந்த நாட்குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தான்.

விசாரிப்பு நெருங்கிப் போய்ப் பார்த்தார். நாட்குறிப்பு யாரோடும் பேசாத கிழம். பதிவேட்டில் எது நடந்தாலும் முதலில் தன் மடியில் எழுதிக்கொள்ளும். எட்டு நாள் ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிடும். அந்தச் சத்தத்தை இத்தனை வருஷமும் எலி என்றே அவர் நினைத்திருந்தார்.

"அதுகிட்ட என்ன தம்பி பாக்குறே? எனக்குத் தெரியாதது அதுல என்ன இருக்கப்போவுது?"

"போனவங்க," என்றான் தூதன்.

நாட்குறிப்பு ஒரு பக்கத்தைக் கிழிக்கக் கையெடுத்தது. தூதன் அதன்மேல் விரலை வைத்தான்.

"நான் விரல் வெச்ச பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அதுதான் நமக்குள்ள பேச்சு."

கிழம் திறந்த வாயோடு அப்படியே நின்றது.

"முத்துப்பேச்சி. வரிசையில் முதல் இடம். நீக்கம்," என்று வாசித்தான். முன்பெல்லாம், வேறு இடங்களில், அவனும் ஒரு பெயர் போனது என்று மட்டும்தான் சொல்வான். போன மாதம் எங்கோ ஒரு ஊர்க்காரர் அவனைத் திருத்தி, போனவரின் முழு விவரத்தையும் சொல்ல வைத்திருந்தார்.

விசாரிப்பு பதிவேட்டிடம் ஓடினார். "முத்துப்பேச்சின்னு ஒருத்தங்க..."

"அப்படி யாரும் இங்க இருந்ததே இல்லையே அண்ணே."

பொய் சொல்கிற முகமாகவே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

சேதி மேஜைக்குப் போனதும் சகாயமேரி தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஒரே போன் நம்பர் ரெண்டு தடவ இருந்தா ஒரு பேரை எடுத்துருன்னு பதிவேட்டுக்கிட்ட நான்தான சொன்னேன். அது அவங்களைக் கூட்டிட்டு வர்ற ஆட்டோக்காரர் நம்பராச்சே. முத்துப்பேச்சியும் அவங்க ஊர்க்காரர் இன்னொருத்தரும் அதைத்தான குடுத்திருந்தாங்க."

மறுநாள் ஒரு சிறுநீரகம் வருவதாக இருந்தது. முத்துப்பேச்சியின் பெயர் பழைய இடத்திலேயே ஏறியது. விசாரிப்புக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது.

"தம்பி, நீ வர்றதுக்கு முன்னாடி போனவங்க?"

"நான் விரல் வெச்ச இடத்துலேருந்துதான் எனக்குத் தெரியும்."

நாட்குறிப்பு இப்போது வாயை மூடியிருந்தது. அதன் வயிறு எவ்வளவு பெரியது என்பதை விசாரிப்பு அன்றுதான் கவனித்தார்.

மணி அடித்தது. பழகிய கால்கள் அவரைப் பதிவேட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தின. பழைய இரண்டு கேள்விகளும் நாக்கில் வரவில்லை.

"இங்கருந்து யாரைக் காணோம்?" என்று கேட்டார்.

பதிவேடு முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை பொறுமையாக விரல் ஓட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் இருக்காங்களே," என்றாள்.